முடி இறக்காத மாப்பிள்ளை

போன வாரம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஆர்.கே.பேட்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஓர் இளைஞர் இறங்கினார். தோளைத் தாண்டிய முடி, முதுகில் கிதார் பை. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அன்பாகக் கேட்டார்: "இன்னா தம்பி, எறக்கறதுக்கா?"

"இப்பதாங்கா எறங்கினேன்" என்றார் அவர்.

"பஸ்ஸ சொல்லல, முடிய சொன்னேன்."

அந்த இளைஞர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முருகர் மலை இருக்கிற எங்கள் பக்கத்தில் தலைமுடி இரண்டே வகைதான். இறக்கியது, இறக்கப்போவது. மூன்றாவதாக ஒரு வகை இருக்கலாம், ஆண்பிள்ளை ஒருவன் ஆசைப்பட்டே நீளமாக முடி வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த மூன்றாம் வகையைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அக்காவின் கூடையில் மல்லிக்குப் பக்கத்தில் அரைத்த சந்தனப் பொட்டலங்களும் இருந்தன. ஈரச் சந்தன வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு வீடியோ ஸ்டுடியோ ஞாபகம் வருகிறது. படித்து முடித்ததும் இதே திருத்தணியில் நான் வேலைக்குப் போன இடம் அது. மொட்டை போட்ட கையோடு குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உட்காரும் நாற்காலி, பின்னால் தொங்கும் அருவிப் படத் திரை, கண்ணாடி எல்லாவற்றிலும் சந்தனம் ஒட்டியிருக்கும். ஸ்டுடியோ முதலாளியை ஊரே பாவா என்று கூப்பிடும். யாருக்கு மச்சான் என்று யாருக்கும் தெரியாது. நானும் பாவா என்றுதான் கூப்பிட்டேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணான்னு கூப்பிட்றதுக்கு இன்னா கேடு?" என்று கேட்பாள்.

என் வேலை மிக்ஸிங். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் இதயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, தாலி கட்டும்போது வானத்திலிருந்து ரோஜா இதழ் கொட்டும் அல்லவா, அதெல்லாம் செய்பவள் நான். அந்த நாளில் சுற்றுவட்டாரத்தில் நடந்த எந்தக் கல்யாணத்திலும் என் ரோஜா இல்லாமல் தாலி ஏறியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சி.டி. வந்து, வீடியோ கேசட் இன்னும் போகாத காலம். ஒருநாள் மத்தியானம் டில்லிபாபு என்று ஒருவர் வந்தார். கே.ஜி.கண்டிகைக்காரர். திருவிழாக்களுக்குப் போகும் இன்னிசைக் குழு ஒன்றில் கிதார் வாசிப்பவர். செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சி.டி.யைக் குழந்தையை இறக்கி வைப்பதுபோல மேசைமேல் வைத்தார்.

"பர்மா பஜார்ல வாங்கினதுங்க. எங்க வூட்ல கேசட் போட்ற டெக்குதான் கீது. கேசட்ல ஏத்திக் குடுக்கணும்."

சி.டி.யிலிருந்து கேசட்டுக்கு ஏற்றுவதென்றால் படம் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரமும் ஓடவிட வேண்டும். பாவா டீ குடிக்கப் போய்விட்டார். நான் போட்டுவிட்டேன். அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஏதோ இங்கிலீஷ் சண்டைப்படம் என்று நினைத்தேன். மேடையில் புகை. புகைக்குப் பின்னால் சுவர்போல அடுக்கிய கறுப்பு ஸ்பீக்கர்கள். புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இடுப்புவரை முடி, தோல் பேண்ட், எங்கள் பக்கத்துப் பெண்குழந்தைகளின் பட்டுச் சட்டையில் வைக்கிற மாதிரி கொசுவம் வைத்த முழுக்கைச் சட்டை. கிதாரில் கையை வைத்தாரோ இல்லையோ, விரல் தனித்தனியாகத் தெரியவில்லை. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு சிலந்தி மாதிரி ஓடின. நடுநடுவே கிதாரைத் தூக்கி எறிவார், அது அவர் தோளைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கைக்கே வரும். காலால் காற்றை உதைப்பார். பல்லால் வாசிப்பார். கீழே கடல் மாதிரி ஜனம்.

"சத்தத்தக் கொறைக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு வருத்தமாகிவிட்டது. "இது சத்தம் இல்லீங்க. அந்தக் காலத்துல அவுங்க ஊரு அரமனைலயும் சர்ச்லயும் வயலின்ல வாசிச்ச சங்கீதம். அத இவுரு கரண்ட் கிதாருக்குக் கொண்டாந்துகிறாரு. கண்ண மூடிகினு கேளுங்க, வயலின் தெரியும்."

கண்ணை மூடினேன். வயலின் தெரியவில்லை. எங்கள் வீடு தெரிந்தது. அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்க விசைத்தறி. தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் பாடம் படித்தவள் நான். ஸ்டுடியோவின் அமைதியில்தான் எனக்குத் தலை வலிக்கும். அந்த மனிதர் வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கு வீட்டுக்கு வந்தமாதிரி ஆகிவிட்டது. அதை டில்லியிடம் சொன்னேன். பாராட்டா திட்டா என்று தெரியாமல் விழித்தார்.

பாதியில் கரண்ட் போனது. முதலிலிருந்து ஏற்ற வேண்டும். மறுநாள் வந்தார். மறுநாளும் போனது. அந்தக் கோடையில் கரண்ட் போன விதத்தைப் பற்றி ஊரே புலம்பியது, நாங்கள் இரண்டுபேர் மட்டும் புலம்பவில்லை. ஒருவழியாகக் கேசட்டில் முழுதாக ஏறிய அன்று இருவர் முகமும் தொங்கிப்போனது. நல்லவேளையாக, அவர் வீட்டு டெக் அந்தக் கேசட்டைக் கடித்துத் துப்பிவிட்டது.

இதற்குள் டில்லி அந்த வெள்ளைக்காரரைப் பார்த்து முடி வளர்க்க ஆரம்பித்திருந்தார். இங்கேதான் ஊர் உள்ளே வந்தது. டீக்கடையில் "எப்ப எறக்கற?" பஸ்ஸில் கண்டக்டர், "எப்ப சாமி எறக்கறீங்க?" வேண்டுதல் முடி என்று நினைத்துப் பெரியவர்கள்கூட எழுந்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில், "இல்லீங்க, இது ராக் ஸ்டைலு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். "அதுவும் நல்ல சாமிதான்" என்று ஒருவர் சொன்னதிலிருந்து விளக்குவதை விட்டுவிட்டு, யார் கேட்டாலும் "ஆங், எறக்கணும்" என்று சொல்லத் தொடங்கினார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அவர் முடி முதுகைத் தொட்ட சமயத்தில் எங்கள் விஷயம் வீடுவரை வந்தது. விசாரித்ததில் தூரத்து உறவு, கட்டிக்கொள்கிற முறைதான் என்றும் தெரிந்தது. அதனால் மறுப்பதற்கு நைனாவிடம் ஒரே காரணம்தான் மிச்சம் இருந்தது. கிதார்.

நைனா என்றால் என் அப்பா. அவரைப் பற்றி இரண்டு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, தறிச் சத்தத்தில் காலம்பூராவும் நின்றதால் காது மந்தம். எதையும் மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. இரண்டு, அவருடைய முடி. நெற்றியில் சுருள்சுருளாக விழும். அந்த வயதிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மை பூசுவார். சட்டைப்பையில் எப்போதும் சீப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டார், காற்று கலைத்துவிடும். ஊருக்கே மொட்டை போடுகிற மலை பக்கத்தில் இருக்க, தனக்கு ஒரு வேண்டுதலும் வராமல் பார்த்துக்கொண்ட மனிதர்.

"போன திருவிழாக்கு அவுங்க கச்சேரிய நானும் உக்காந்து பாத்தேன்" என்று நைனா கத்தினார். "பாட்றவன் சத்தம் கேக்குது, டிரம்ஸு கேக்குது. அந்தப் பையன் கை மட்டும் ஆடிகினே கீது, சத்தமே வரல. ஊமைக்கு பொண்ணு குடுக்கலாம், ஊமைக் கிதாருக்கு எப்டி குடுக்கறது?"

அநியாயமாகத்தான் இருந்தது, ஆனால் பொய்யில்லை. மைக்செட்காரர் டில்லியின் கிதாரை எப்போதும் குறைத்தே வைத்திருப்பார். டில்லி இதைக் கேட்டுச் சோர்ந்துபோகவில்லை. "உங்க நைனா ஒரே ஒரு தடவ இந்தப் படத்தப் பாக்கட்டும். கிதார்னா இன்னான்னு அப்பறம் பேசலாம்" என்றார். ஒரு கச்சேரிப் படத்தைப் போட்டுக் காட்டிப் பெண் கேட்ட ஆள் எங்கள் பக்கத்தில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சி.டி. பிளேயரோடு வந்து இறங்கினார். கூடவே மேடையில் வைக்கிற தன்னுடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி. டி.வி. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் இருந்தது. தறியை நிறுத்தட்டுமா என்று அம்மா கேட்டாள்.

"தறி பாட்டுக்கு ஓடட்டும். அவன் படம் பாட்டுக்கு ஓடட்டும்" என்றார் நைனா.

டி.வி.யின் சத்தம் தறிக்கு முன்னால் எடுபடவில்லை. டில்லி ஒயரை முறுக்கி ஆம்ப்ளிஃபயரில் சொருகி முழுசாக ஏற்றினார். சுவர் அதிர்ந்தது. மாடத்திலிருந்த முருகர் படம் லேசாகத் திரும்பியது. அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. அம்மையார்குப்பம் அல்லவா, புதுத் தறி இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"யார்றா இவன், இந்த வெயில்ல தோல் பேண்ட் போட்டுகினு?"

"அவுங்க ஊர்ல குளிர் மாமா!"

"அப்ப இன்னாத்துக்கு சட்டைய தொறந்து வுட்டுகிறான்?"

திரையில் கூட்டத்தைக் காட்டினார்கள். நைனா முன்னால் சாய்ந்தார்.

"இவ்ளோ ஜனம் எதுக்கு வந்துகிது?"

"அவுரு வாசிக்கறதக் கேக்கத்தான் மாமா."

"நம்ம ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இருக்கும் போல கீதே! காவடி கூட இல்லாமயா இவ்ளோ பேரு வந்தாங்க?"

கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக் கத்தியது. அம்மா வாசற்படியிலிருந்து, "அரோகரா போட்றாங்களா?" என்று கேட்டாள். டில்லி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மாதிரிதாங்க அத்த" என்றார்.

அந்த வெள்ளைக்காரர் மேடையில் தனியாக நின்று, மெதுவாக, அழுவது மாதிரி ஏதோ வாசித்தார். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறியது. உச்சத்தில் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றினார். முடி வட்டமாகப் பறந்தது. கூட்டம் பித்துப்பிடித்துக் கத்தியது. நைனாவின் கை தானாகத் தன் நெற்றிச் சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். "ஒரு ஓட்டம் ஓட்றான்யா, ஒரு இழ அறல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். இழை அறாத ஓட்டம் என்பதுதான் தறிக்காரரான எங்கள் நைனா வாயால் வரக்கூடிய பெரிய புகழ்ச்சி.

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது.

டி.வி. அணைந்தது. தறிகள் நின்றன. தெருவிலிருந்த தறிகள் எல்லாம் நின்றன. அப்படியோர் அமைதியை எங்கள் ஊரில் அபூர்வமாகத்தான் கேட்க முடியும். அந்த அமைதி நைனாவுக்கு எட்டவில்லை. என் பக்கம் குனிந்து, ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, தறிக்கு மேலே கத்துகிற அதே குரலில் கேட்டார்:

"இந்தப் பையன உனுக்கு நெஜமாவே புடிச்சிகிதா பாப்பா?"

தெரு முழுக்கக் கேட்டது. எனக்கும் பழக்கதோஷம், அதே குரலில் கத்தினேன்: "ஆங் நைனா, ரொம்பப் புடிச்சிகிது!"

எதிர்வீட்டிலிருந்து யாரோ, "அப்ப முடிச்சிட வேண்டியதுதானே!" என்று பதில் கொடுத்தார்கள். டில்லி ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நிச்சயத்தன்று அம்மா வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டே, "மாப்ள எப்ப எறக்கப் போறாரு? கல்யாணத்துக்கு முன்னயே எறக்கிட்டா நல்லது" என்றாள்.

டில்லியின் முகம் வெளுத்தது. அது வேண்டுதல் முடி இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊரெல்லாம் சொன்னதை நம்பியிருந்த அம்மா பதறிப்போனாள். காரணம் இருந்தது. படம் பார்த்த அன்று, கரண்ட் போவதற்கு முன்னால், அரோகரா என்று கத்துகிற அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், இந்தக் கல்யாணம் நல்லபடியாக அமைந்தால் முடி இறக்குவதாக அவளே மலைப்பக்கம் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எப்படியும் இறக்கப்போகிற முடிதானே, நம் வேண்டுதலையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்று.

டில்லி எல்லாவற்றுக்கும் சரி சொல்லக்கூடியவர். அன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முடி முதுகில் விழுந்திருந்தது. "எறக்கறேன் அத்த" என்று கடைசியில் அவர் சொன்னபோது, கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நைனா எழுந்தார். "அவன் முடில யாரும் கைய வெக்கக் கூடாது. அத எறக்கிட்டா மேடைல எத்த சுத்துவான்?"

"முருகருக்குக் குடுத்த வார்த்தைங்க."

"இன்னா வார்த்த குடுத்த? அப்டியே சொல்லு."

அம்மா யோசித்தாள். "எங்க வூட்டு ஆம்பள முடிய எறக்கறேன்னு. கல்யாணம் ஆவறதுக்கு முன்ன மாப்ள பேர எப்டி சொல்றது?"

"அவ்ளோதானே. அப்ப நான் யாரு இந்த வூட்ல?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலையில் நைனா யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருத்தணிக்கு வந்துவிட்டார். நான் ஸ்டுடியோவைத் திறந்துகொண்டிருந்தேன். மொட்டைத்தலை நிறையச் சந்தனத்தோடு ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான வாடிக்கையாளர் என்று நினைத்து, "எத்தினி காப்பி வேணும்?" என்று கேட்டேன்.

"அப்பன அடையாளம் தெரியலியா?" என்று கத்தினார்.

"லேசா கீது பாப்பா. மண்டைல காத்து பூந்து வெளயாடுது" என்று சிரித்தார். போட்டோவுக்காகக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனார். பாதி தூரத்தில் கை நின்றது. ஒன்றும் நடக்காதமாதிரி சீப்பைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். நான் லைட்டைச் சரிபண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கல்யாண வரவேற்பில் டில்லியின் குழுதான் கச்சேரி. நைனா நேராக மைக்செட்காரரிடம் போய் நின்று, "இன்னிக்கு அந்தக் கிதார கொறச்ச, கூலி கெடையாது" என்று சொல்லிவிட்டார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை கிதாரை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரரின் உருப்படியை வாசித்தார். கண்டிகையிலிருந்து வந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு ஓடினார்கள். அம்மையார்குப்பத்தார் மட்டும் சௌக்கியமாக உட்கார்ந்து கேட்டார்கள். உச்சத்தில் டில்லி தலையைச் சுழற்றினார். முடி மாலையில் சிக்கி, மாலை கிதார்க் கம்பியில் சிக்கி, மூன்றையும் பிரிக்க நான் மேடையில் குனிந்து நிற்க வேண்டியதாயிற்று. என் கல்யாண வீடியோவை நானே மிக்ஸிங் செய்தேன். ரோஜாவை விட்டுவிட்டு, அந்த இடத்தில் புகையும் நெருப்பும் போட்டேன். பாவாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணம் மாதிரியா கீது? வூடு பத்திகின மாதிரி கீது" என்றார்.

அந்த வீடியோ கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். இன்னிசைக் குழு கலைந்து எல்லோரும் வெவ்வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். டில்லியின் முடி, முருகரும் கேட்காமல், நாற்பது வயதில் தானாகவே இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. நைனாவுக்கு வளர்ந்த முடி சுருளாக வரவில்லை, வெள்ளையாக, நேராக வந்தது. மையும் பூசவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார்.

நைனா போய்ச் சேர்ந்தபின் சித்தப்பா தறிகளைத் தன்னுடைய ஷெட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அங்கே அவை நன்றாகத்தான் ஓடுகின்றன. போன வாரம் நான் பஸ் ஏறிப் போனது அம்மாவைப் பார்க்கத்தான். வாசலில் நின்று பழைய குரலில் "அம்மா!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அம்மா வேகமாக வந்தாள். தறிகள் இல்லாமல் காலியாகக் கிடந்த முன்பாதியைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசு பாப்பா. இப்பல்லாம் கேக்குது."